லாரி ஸ்டார்ட் ஆகவில்லை: எஞ்சினை இறக்கும் முன்

லோடு ஏற்றி நிற்கும் லாரி விடிகாலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவர் ‘எஞ்சின் போச்சு’ என்று சொல்லிவிடுவார். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் ஒற்றை வண்டியை வைத்துத் தவணை கட்டுகிறவருக்கு அந்த ஒரு சொல்லின் விலை லட்சக்கணக்கில். அதைச் சொல்கிறவர் ஆதாரம் காட்ட வேண்டும். எந்த வரிசையில் பார்த்தால் ஆதாரம் கிடைக்கும் என்பது தெரிந்திருந்தால், பட்டறையில் ஏமாறாமல் பேசலாம்.

முதலில், மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். வண்டி எப்படி நின்றது என்று டிரைவரிடம் கேளுங்கள். ராத்திரி நன்றாக வந்து நின்ற வண்டி காலையில் எழும்பவில்லையா, ஓடும்போதே சத்தம் கொடுத்து நின்றதா? முதல் வகையில் பெரும்பாலும் பேட்டரி, வயர், டீசல் ஆகியவற்றில்தான் கோளாறு இருக்கும். இரண்டாவது வகையில்தான் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டும். ஹீட் முள் ஏறியதா, ஆயில் விளக்கு எரிந்ததா என்பதையும் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் உண்மை வராது.

அடுத்து ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவு கோட்டுக்கு மேலே ஏறி டீசல் வாடை அடித்தால் டீசல் இறங்கியிருக்கிறது. குச்சியில் ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் சொல்லவே வேண்டாம். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும், வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தாலும், செல்ப் அடிக்கவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று கார் நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதற்காகத்தான்.

ஆயில் சரியாக இருந்தால் பேட்டரிக்கு வாருங்கள். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். மீட்டரை இரண்டிலும் தனித்தனியே வையுங்கள். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் பக்கம் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ப் அடிக்கும்போது ஏதாவது ஒன்று 9.5-க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரியைச் சந்தேகியுங்கள். இரண்டுமே சேர்ந்து விழுந்தால், சார்ஜ் இறங்கியிருக்கலாம் அல்லது செல்ப் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கலாம். பேட்டரி மாற்றுவதாக இருந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள். பழசு புதுசைக் கெடுத்துவிடும்.

பலர் விட்டுவிடுவது எர்த் வயரை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், துருப்பிடித்த எர்த் பட்டையோ பூ பூத்த டெர்மினலோதான் குற்றவாளி. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீர்கிற வேலை அது. கட்-ஆஃப் சுவிட்சையும் இதே மாதிரி சோதியுங்கள். செல்ப் அடிப்பது ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கட்டும்.

எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டியில் இதைவிடப் பயனுள்ள, காசே செலவாகாத சோதனை வேறு இல்லை.

புகை வரவில்லையா? டேங்கில் டீசல் இருக்கிறதா, வாட்டர் செபரேட்டரில் தண்ணீர் நிற்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். விரிசல் வழியே டீசல் ஒழுக வேண்டும் என்பதில்லை. காற்றை மட்டும் உள்ளே இழுக்கலாம். அப்போதுதான் வண்டி ஏர் பிடிக்கும். பழைய இன்லைன் பம்ப் வண்டி என்றால் ஹேண்ட் பிரைமரை அடித்து, ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள். ஸ்டாப் கேபிள் முழுதாகத் திரும்பாமல் சிக்கி நின்றாலும் டீசல் போகாது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, ஃபீட் பம்புக்கு நேரடியாக ஹோஸ் கொடுத்துப் பாருங்கள். வண்டி பிடித்துக்கொண்டால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்.

காமன் ரெயில் வண்டியில் பழைய கை வைத்தியம் செல்லாது. ஓடும்போது ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் போகும் பைப்பை, ‘ஏர் எடுக்கிறேன்’ என்று செல்ப் அடிக்கும்போது தளர்த்தக் கூடாது. அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே எடுக்க வேண்டி வரலாம். ஸ்கேனர் போட்டு, செல்ப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் ஏறுகிறதா, ஆர்.பி.எம். காட்டுகிறதா என்று பாருங்கள். ஆர்.பி.எம். சுழியம் என்றால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். சின்னச் செலவில் முடிந்துவிடலாம்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் வேண்டாம். ஹீட்டர் உள்ள வண்டியில் அது இன்டேக்கிலேயே வெடிக்கலாம். ஹீட்டர் இல்லாத வண்டியிலும், நல்ல ரிங்கை உடைத்து, இல்லாத நோயை உண்டாக்கிவிடும்.

இனி எஞ்சின் சுற்றவே இல்லை என்ற நிலை. செல்ப் ‘டக்’ என்று அடித்து நிற்கிறது, பேட்டரியும் வயரும் சரி. பேட்டரியை கட்-ஆஃப் செய்துவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டிலோ ஃபிளைவீல் பல்லிலோ கம்பி போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் செல்ப் மோட்டாரைக் கழற்றிச் சோதிக்கலாம். சுற்றாவிட்டாலும் உடனே தலையில் கை வைக்க வேண்டாம். செல்ப் பினியன் ஃபிளைவீல் பல்லில் சிக்கினாலும் எஞ்சின் ஜாம் ஆனது போலவே இருக்கும். செல்ப் மோட்டாரைக் கழற்றினதும் விட்டுவிடும். கியரில் ஓடும் ஏர் கம்ப்ரசர் பிடித்துக்கொண்டாலும் இதே கதைதான். அவற்றைக் கழற்றியும் அசையவில்லை என்றால் எல்லா இன்ஜெக்டரையும் எடுத்துவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் ஹெட் கேஸ்கெட், லைனர் ஓ-ரிங், ஹெட் விரிசல் என்று தேட வேண்டும். துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். அப்போதும் அசையவில்லை என்றால்தான் பிஸ்டனோ பேரிங்கோ பிடித்திருக்கிறது என்று பேசலாம்.

எஞ்சின் லேசாக, தடையே இல்லாமல் சுழல்கிறதா? ராக்கர் மூடியைத் திறந்து சுற்றிப் பாருங்கள். ராக்கர் அசையாவிட்டால் டைமிங் கியரோ கேம் ஷாஃப்டோ உடைந்திருக்கிறது.

டீசல் போகிறது, நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். பெட்ரோல் மீட்டர் இதற்கு ஆகாது. நல்ல டீசல் எஞ்சின் பொதுவாக 20 முதல் 30 பார் வரை காட்டும். உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவு மேனுவலில் இருக்கும். எண்ணைவிட சிலிண்டருக்கு சிலிண்டர் உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும். குறைந்த சிலிண்டரின் பிஸ்டனை மேலே நிறுத்தி, இன்ஜெக்டர் துளை வழியே காற்று கொடுத்துக் கேளுங்கள். காற்று சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டரில் வந்தால் இன்லெட் வால்வு, ரேடியேட்டரில் குமிழியிட்டால் கேஸ்கெட் அல்லது ஹெட். ஆயில் மூடி வழியே வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன; பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான். முதல் மூன்றுக்கும் ஹெட்டை இறக்கினால் போதும்.

கடைசியாக ஆயில் சம்ப்பை இறக்கி, பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். மினுக்கும் பொடியும் செம்பு நிறத் துகளும் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு எஞ்சின்தான் என்று முடிவானால், வழி மூன்று: இருக்கும் பிளாக்கிலேயே ஃபுல் வேலை, கம்பெனியில் புதிய அல்லது ரீகண்டிஷன் எஞ்சின், உடைத்த வண்டியிலிருந்து பழைய எஞ்சின். என் சாய்வு முதல் வழிக்கே. லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி, கிராங்கை கிரைண்ட் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டால், நீங்கள் அறிந்த எஞ்சினே திரும்புகிறது. பிளாக் வெடித்து ராடு வெளியே வந்துவிட்டாலோ, கிராங்க் கடைசி அளவுக்கும் கீழே போய்விட்டாலோ மட்டும் அடுத்த வழிகளுக்குப் போகலாம். பழைய எஞ்சின் மலிவுதான். ஆனால் அதை ஓடவிட்டுப் பார்க்காமல், கம்ப்ரஷன் சோதிக்காமல் வாங்குவது சூதாட்டம். காமன் ரெயில் என்றால் இ.சி.யூ. பொருந்துமா என்றும் கேளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியில் பி.எஸ். 4 எஞ்சின் ஏற்றும் யோசனையை விட்டுவிடுங்கள், எஃப்.சி.யில் நிற்கும்.

எஞ்சின் நம்பர் மாறினால் ஆர்.சி.யும் மாற வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முன் அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்கச் சொல்கிறது. ஃபைனான்ஸில் இருக்கும் வண்டிக்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். பழைய எஞ்சின் என்றால் பில்லோடு, அது கழன்ற வண்டியின் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுப்பவரிடம் எஞ்சினும் வாங்காதீர்கள். இன்சூரன்ஸிலும் புது நம்பரைப் பதிந்துவிடுங்கள். பதியாவிட்டால் விபத்து நாளில் அது தகராறு ஆகும்.

புது எஞ்சினை ஏற்றுமுன், பழையது ஏன் போனது என்ற கேள்விக்கு மெக்கானிக்கிடம் பதில் வாங்குங்கள். அடைத்த ரேடியேட்டரையும் கசியும் ஆயில் கூலரையும் அப்படியே மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும். டர்போ உடைந்திருந்தால் அதன் துகள்கள் இன்டர்கூலருக்குள் காத்திருக்கும். கழற்றிக் கழுவாமல் விடாதீர்கள். மாட்டிய பிறகு டீசலைத் துண்டித்து, இடைவெளி விட்டு செல்ப் அடித்து, ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்த பின்பே டீசல் கொடுங்கள். முதல் ஆயிலை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்.