கடைசல் கிண்ணமும் அரக்கு வண்ணமும்

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் மதுக்கரை. அதனைச் சூழ்ந்த வறண்ட குன்றுப்புறங்களில் வெட்பாலை என்னும் சிறுமரம் வளர்கின்றது. கிள்ளினால் பால் வடியும் இலைகளையும், இணையிணையாகத் தொங்கும் நீண்ட காய்களையும் உடையது அது. உத்தரத்திற்கோ தூணுக்கோ ஏற்ற பருமன் அதற்கு இல்லை. ஆயினும், அதன் கட்டை தந்தம் போல் வெண்மையானது, இழை நெருங்கியது, உளிக்கு எளிதில் இணங்குவது. ஆதலின், மரக்கடைசல் தொழிலாளர் அதனைப் பெரிதும் விரும்புவர். கருநாடகத்துச் சென்னபட்டணத்திலும், ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்காவிலும் செய்யப்பெறும் பொம்மைகளும் கிண்ணங்களும் அம்மரத்தாலேயே புகழ்பெற்றன.

கட்டையை முதலில் நன்கு உலர்த்துவர். ஈரம் எஞ்சியிருப்பின், கடைந்த கிண்ணம் பின்னர்ச் சுருங்கி வெடிக்கும். உலர்ந்த கட்டையைக் கடைசல் எந்திரத்திற் பொருத்திச் சுழற்றி, உளியால் புறத்தை உருட்டி, அகத்தைக் குடைவர். அதன்பின் வண்ணம் ஏற்றுவர். சாயநீரை மரத்தில் ஊறவிடுதல் ஒரு முறை. அதில் மரத்தின் வரிகள் மறையாமல் தோன்றும். அரக்கைப் பூசுதல் மற்றொரு முறை. அரக்கு என்பது புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களில் வாழும் சிறுபூச்சிகள் சுரக்கும் பிசின். அதனை இளக்கி, வண்ணப்பொடி சேர்த்துப் பிசைந்து, குச்சியாகத் திரட்டுவர். சுழலும் கிண்ணத்தின்மீது அக்குச்சியை அழுத்தியவுடன், உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு உருகிப் படியும். பின்னர்த் தாழை ஓலையால் தேய்க்க, அது கண்ணாடி போல் பளபளக்கும்.

வண்ணங்களைப் பண்டையோர் செடிகொடிகளிலிருந்தே பெற்றனர். ஈரோட்டுச் சந்தையில் குவியும் மஞ்சள் பொன்னிறம் தரும். அவுரி நீலம் தரும். இரண்டும் கலப்பின் பச்சை பிறக்கும். சாப்பிரா விதையின் மேற்பொடி செம்மஞ்சள் நிறம் தரும்.

காலப்போக்கில், விலை மலிந்த இரசாயன வண்ணங்கள் பட்டறைகளிற் புகுந்தன. அவற்றுட் சில ஈயம் கலந்தவை. பொம்மையை வாயில் வைத்துச் சுவைப்பது குழந்தையின் இயல்பு. ஈயமோ சிறிதளவே உடலிற் சேரினும் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் பத்து இலட்சம் பங்கிற்கு 90 பங்கிற்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்று மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் விதி வகுத்தமைக்கு இத்தீமையே காரணம்.

இந்நிலையில், ஏட்டிகொப்பாக்காவைச் சேர்ந்த சி. வி. ராஜு அவர்கள், தம் ஊர்த் தொழிலாளருடன் கூடி, தாவரச் சாயங்களை மீண்டும் வழக்கிற் கொணர்ந்தார். அவ்வூர்ப் பொம்மைகள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றன. அவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

தாவர வண்ணத்திற்கும் குறைகள் உண்டு. மஞ்சள் வெயிலில் வெளிறும். அரக்குப் பூசிய கிண்ணத்தில் கொதிக்கும் குழம்பை வார்த்தால் பூச்சு இளகும். நல்ல தொழிலாளர் இக்குறைகளை மறையாது கூறியே விற்பர். வாங்குவோர் காண்பது வண்ணத்தின் அழகினை மட்டுமே. அதனுள் கலந்தது யாது என்பதை அறிந்தவர் அதனைக் கலந்தவரே. பேசவும் அறியாத குழந்தையின் நலம் அவர் கையில் இருக்கின்றது. ஆதலின், கைத்திறனோடு நேர்மையும் சேர்ந்தபோதே தொழில் நிறைவுறும்.