காலை உணவு வேளையும் பாடவேளையே

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு, நாள்தோறும் ஒரே முறையில் நடக்கும் செயல்கள் வழியாகக் கற்பது எளிது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 ஆகஸ்டு முதல் மாநிலமெங்கும் நடைபெறும் காலை உணவுத் திட்டம் இதற்கு நல்ல வாய்ப்பு.

தட்டு கழுவுதலை எடுத்துக்கொள்வோம்:

1. தட்டை எடுத்தல்
2. மிச்சத்தைக் கொட்டுதல்
3. குழாயடியில் கழுவுதல்
4. கூடையில் வைத்தல்

முதல் மூன்று படிகளில் உதவுங்கள். கடைசிப் படியைக் குழந்தையே செய்யட்டும். செயலை முடித்த நிறைவு முதல் நாளிலேயே கிடைக்கும். அது பழகியபின் மூன்றாம் படியையும் குழந்தையிடம் விடுங்கள். சொற்களைக் குறைத்து, படிகளைப் படங்களாகக் குழாயருகே ஒட்டுங்கள்.

பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் பெற்றோர் கடலுக்கும் மீன் விற்கவும் சென்றிருக்கும் வேளையில், குழந்தைக்குக் கைகொடுப்பது இத்திறனே. இதே படிகளை வீட்டாரிடமும் சொல்லுங்கள்.