பொழுதறிந்த குடல்

பண்டைத் தமிழ் இலக்கணத்தார் ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர். நம் உடலகத்தும் பொழுதுப் பகுப்பு உண்டென இன்றைய அறிவியல் காட்டுகின்றது. பழ ஈக்களை ஆராய்ந்து, உயிரணுவினுள் இயங்கும் நாட்கடிகாரத்தின் பொறிமுறையை விளக்கிய ஜெப்ரி ஹோல், மைக்கல் றொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

மூளையிலுள்ள தலைமைக் கடிகாரம் கண்ணிற்படும் ஒளியைக்கொண்டு தன்னைத் திருத்துகின்றது. குடலின் உயிரணுக்களுக்கும் தத்தம் கடிகாரம் உண்டு; அவற்றை உணவு வேளை பெரிதும் நடத்துகின்றது. ஆதலின் குடலசைவும், உட்படலத்தின் காப்பும், நோயெதிர்ப்பு அணுக்களின் செயலும் பகலில் ஒருவாறும் இரவில் வேறொருவாறும் அமைகின்றன. நள்ளிரவில் விழித்திருந்து உண்பவர்க்கு மூளை ஒரு பொழுதையும் குடல் மற்றொரு பொழுதையும் கொள்ள நேர்கின்றது.

இம்முரண்பாட்டுக்கும் நாட்பட்ட குடலழற்சி நோய்களுக்கும் தொடர்புண்டோ? குரோன் நோய், புண்ணாக்கும் பெருங்குடலழற்சி என்னும் இவை, நோயெதிர்ப்பாற்றல் முறைபிறழ்ந்து குடலையே புண்படுத்துவதால் எழுவன. கொழும்பு, கம்பகா மாவட்டங்கள் பற்றி 2010இல் வெளியான ஆய்வு, இவை நம் நாட்டிலும் உளவெனக் காட்டியது. எலிகளின் ஒளி இருள் வேளைகளை அடிக்கடி மாற்றிய சோதனையில் அவற்றின் குடலழற்சி கடுமையுற்றது. அமெரிக்கத் தாதியரிடை நிகழ்த்தப்பெற்று 2014இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்குக் குறைவாகவோ 9 மணி நேரத்துக்கு மேலாகவோ உறங்கியோரிடம் பெருங்குடலழற்சி மிகுந்து காணப்பட்டது. இரவுக்கடமை செய்த ஆண்டுகளோடோ அத்தொடர்பு காணப்படவில்லை. எனவே இரவு வேலையே இந்நோயைத் தருமென முடிவுகட்டுதல் பொருந்தாது. உறக்கக் கேட்டை இகழ்ந்து விடுதலும் பொருந்தாது.

இவ்வேறுபாட்டை வன்னியில் வாழும் நாம் அறிதல் வேண்டும். யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி வயலிற் காவலிருக்கும் உழவர், முல்லைத்தீவுக் கடலில் இரவில் வலைவீசும் மீனவர், வைத்தியசாலைத் தாதியர் ஆகியோர் விழித்திருப்பதனாலேயே நாம் உண்கின்றோம், நலம் பெறுகின்றோம். இரவில் உறங்குக என அவர்க்கு உரைத்தலாற் பயனில்லை. பகலுறக்கத்துக்கு இருண்ட, அமைதியான இடமும், இயன்றவரை மாறாத உணவு வேளையும் அவர்க்கு அமைத்துக் கொடுத்தல் வீட்டார் கடன். தேர்வுக்கென யாமம் முழுதும் விழித்திருக்கும் மாணாக்கர்க்கோ அத்தகைய கட்டாயம் யாதுமில்லை.

மலத்தோடு குருதி போதல், வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றோட்டம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றை மூலமென்றோ சூடென்றோ தாமே துணிந்து நாட்கடத்துவோர் நம்மிடையே பலர். அவர் காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுக. நோய் அடங்கிய பின்னரும், வைத்தியர் சொல்லாது மருந்தை நிறுத்தற்க. பொழுதைப் பேணுதல் மருந்துக்குத் துணையாகுமன்றி மருந்தாகாது.