100 எம்பிபிஎஸ் லிங்க், ஆனா ஃபைல் ஏன் நகரமாட்டேங்குது? எஸ்டி-வேனும் வேன் ஆப்டிமைசேஷனும்

ஒரு இன்டர்வியூ கேள்வியோட ஆரம்பிக்கலாம், நண்பர்களே. சென்னை ஆபீசுக்கும் நியூயார்க் ஆபீசுக்கும் நடுவுல 100 எம்பிபிஎஸ் லிங்க் இருக்கு. வேற யாரும் பயன்படுத்தாத நேரத்துல ஒரு ஃபைல் காப்பி பண்றீங்க. 3 எம்பிபிஎஸ்கூட வரல. என்ன செய்வீங்க?

"பேண்ட்விட்த்தைக் கூட்டுவேன்" என்று சொன்னால் கம்பெனிக்குக் காசு வீண். பிரச்சினை அப்படியே இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம்

ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னை–நியூயார்க் தூரம் 13,000 கி.மீ.க்கும் மேல். போய்த் திரும்ப 130 மில்லிசெகண்டுக்குக் குறையாது. கேபிள் சுற்றிப் போவதால் 200 என்று வைத்துக்கொள்வோம். டிசிபி விண்டோ 64 கேபி என்றால், அவ்வளவை அனுப்பிவிட்டு 'ஏக்' வரும்வரை காத்திருக்க வேண்டும். நொடிக்கு 5 சுற்று, 5 × 64 கேபி, அதாவது சுமார் 2.6 எம்பிபிஎஸ். லிங்க் 100 ஆனாலும் 1000 ஆனாலும் இதேதான்!

"இப்போதான் விண்டோ ஸ்கேலிங் இருக்கே?" சரியான கேள்வி. ஆனா பேக்கெட் லாஸ் இருக்கிறதே. பழைய ரீனோ வகை டிசிபிக்கு 1997-ல் வந்த மாத்திஸ் சூத்திரம் இது:

வேகம் ≈ (எம்எஸ்எஸ் ÷ ஆர்டிடி) × (1.22 ÷ √லாஸ்)

எம்எஸ்எஸ் 1460 பைட், ஆர்டிடி 200 மில்லிசெகண்ட், லாஸ் 1% என்று போட்டுப் பாருங்க. 0.7 எம்பிபிஎஸ்தான் வரும்.

யார் என்ன வேலை செய்கிறார்கள்?

எஸ்டி-வேன் பாதையைத் தேர்ந்தெடுக்கும். எம்பிஎல்எஸ், பிராட்பேண்ட், 4ஜி எல்லாவற்றின் மேலும் ஐபிசெக் டனல் போட்டு, லாஸ், தாமதம், ஜிட்டர் மூன்றையும் அளந்துகொண்டே இருக்கும். வீடியோ காலை நல்ல பாதையிலும் பேக்கப்பை மலிவான பாதையிலும் அனுப்பும். ஆனா எந்தப் பாதையில் போனாலும் நியூயார்க் பக்கத்துல வந்துடாது.

பாதையில் என்ன போகிறது என்பதை வேன் ஆப்டிமைசேஷன் கவனிக்கும். உள்ளூரிலேயே 'ஏக்' கொடுத்துக் காத்திருப்பைக் குறைக்கும். ஏற்கெனவே போன டேட்டாவுக்குப் பதில் ஒரு சின்னக் குறியீடு மட்டும் அனுப்பும், இது டீடூப்ளிகேஷன். லாஸுக்கு எஃப்இசி உண்டு: 10 பேக்கெட்டுக்கு 1 பேரிட்டி பேக்கெட் சேர்த்தால், அந்தக் கூட்டத்தில் ஒன்று தொலைந்தாலும் மறுபடி கேட்காமல் எக்ஸ்ஆர் போட்டு மீட்கலாம். செலவு 10% கூடுதல் பேண்ட்விட்த்.

சேர்க்கும்போது கவனம்

வரிசை முக்கியம். முதலில் டீடூப், பிறகுதான் என்க்ரிப்ஷன். ஆப்டிமைசரை டனலுக்கு அந்தப் பக்கம் வைத்தால், அதுக்கு வெறும் குழம்பிய பைட்தான் தெரியும். மாறாக, ஆப்டிமைசர் எல்லா ட்ராஃபிக்கையும் தன் ஒரே போர்ட்டில் கட்டி அனுப்பினால், பின்னால் இருக்கும் எஸ்டி-வேனுக்கு எது வீடியோ, எது பேக்கப் என்று தெரியாது. இரண்டும் ஒரே பெட்டியில் வரத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். வேன் ஆப்டிமைசேஷனில் பெயர் வாங்கிய சில்வர் பீக் எஸ்டி-வேனுக்குள் வந்தது. 2020-ல் எச்பிஈ அதை வாங்கியது.

இன்னொரு எல்லையும் உண்டு. டீடூப்புக்கு இரண்டு முனையிலும் பெட்டி வேண்டும். ஆபீஸ் 365 மாதிரி சேவைக்கு நேராக டிஎல்எஸ்ஸில் போகும்போது அந்த முனையில் நம்ம பெட்டி இல்லை. அங்கே நல்ல பாதைத் தேர்வுதான் கைகொடுக்கும்.

நீங்களே செய்து பாருங்க

இரண்டு லினக்ஸ் விஎம் போதும். அனுப்பும் விஎம்மில் 'நெட்எம்' மூலம் 200 மில்லிசெகண்ட் தாமதம் வைத்து 'ஐபெர்ஃப்3' ஓட்டுங்க. பிறகு 1% லாஸ் சேருங்க. லிங்க் வேகத்தைத் தொடாமலே த்ரூபுட் எப்படி விழுதுன்னு கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்த முறை "நெட் ஸ்லோ"ன்னு யாராவது சொன்னா, முதலில் பேண்ட்விட்த் கேட்காதீங்க. ஆர்டிடி எவ்வளவு, லாஸ் எவ்வளவுன்னு கேளுங்க!