மூளைக்கட்டி நோயாளியின் தொழுகையும் நோன்பும்

வீட்டில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டால், பெரிய காஞ்சிபுரத்தில் நம்மிடம் வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றே. இது ஜின்னின் கோளாறா? தொழுகைக்கு என்ன செய்வது? ரமளானில் மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு பிடிக்கலாமா? மூன்றாவது கேள்வியில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது. ஆகவே இம்மாதப் பாடத்தை இதற்கென்றே ஒதுக்கினோம்.

முதலில் நோயைச் சிறிது அறிந்துகொள்வோம். மண்டை ஓடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. அதனுள் கட்டி வளர்ந்தால் மூளை நெருக்கப்படுகிறது. காலையில் விழிக்கும்போதே தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், ஒரு பக்கத்துக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல், இதுவரை வலிப்பே வராத பெரியவருக்குத் திடீரென்று வலிப்பு ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கலாம். எல்லாக் கட்டியும் புற்று நோயன்று. மூளையைப் போர்த்தியுள்ள சவ்வில் தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெதுவாக வளர்வது; அதை அகற்றியபின் நெடுங்காலம் வாழ்பவர் பலர். மூளைக்குள்ளிருந்தே தோன்றும் கிளையோமா வகையில் சில மெதுவானவை, சில மிகக் கொடியவை. நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளின் புற்றுநோய் மூளைக்குப் பரவுவதும் உண்டு.

நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியில் கட்டி வந்தால் குணமே மாறிவிடும். அதிர்ந்து பேசாதவர் ஏசுவார். வெட்கமுள்ளவர் வெட்கத்தை மறப்பார். வீட்டார் இதை ஜின் என்று முடிவு கட்டுவது இங்கேதான். ஜின்கள் உண்டு என்பது நமது ஈமானைச் சேர்ந்தது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்னாருடைய உடலில் இன்ன ஜின் இருக்கிறது என்று சொல்ல இவர்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அந்தச் செய்திக்குப் பிறகும் நோயாளியை டாக்டரிடம் காட்டாமல் கட்டி வைப்பவர்களை என்னென்று சொல்வது?

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்டதையும், பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் என்று அவர்கள் கூறியதையும், அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்துகொண்டதையும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். இதைக் காட்டி மருந்தே வேண்டாமென்பார் சிலர். அந்த ஹதீதில் மருந்தை விடும்படி எங்கும் சொல்லப்படவில்லை. அதற்கு மாறாக, மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்ததை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். ஓதி ஊதுங்கள், துஆக் கேளுங்கள். ஸ்கேன் எடுக்கவும் போங்கள்.

தலையைத் திறந்து ஆபரேஷன் செய்வதா என்று அஞ்சுவோரும் உளர். கொர்தோபா நகரத்து அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மண்டை ஓட்டைச் சிகிச்சை செய்யும் கருவிகளைத் தம் நூலில் வரைந்து காட்டியிருக்கிறார்கள். நமக்கு அருகிலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1949ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியை ஆரம்பித்தார். நம் ஊரை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஏழைக் குடும்பத்தார் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போகவேண்டும்.

வலிப்பு வரும்போது இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108க்குச் சொல்லுங்கள்.

இனித் தொழுகை. இந்நோயாளிகளில் பலருக்குக் குனிந்தால் தலைவலி அதிகரிக்கும். சஜ்தாவே துன்பமாகிவிடும். அத்தகையவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம்; ருகூஉக்குத் தாழ்த்துவதைவிட சஜ்தாவுக்குச் சிறிது கூடுதலாகத் தலையைத் தாழ்த்தவேண்டும். தலையணையை உயர்த்தி நெற்றியில் வைக்கத் தேவையில்லை. நிற்க முடிந்தும் சஜ்தாச் செய்ய முடியாதவர், ஷாபிஈ மத்ஹபில் நிலையில் நின்றே ஆகவேண்டும். ஹனஃபி மத்ஹபில் உட்கார்ந்தே தொழலாம். ஆபரேஷன் கட்டுப் போட்டிருந்தால் உளூவில் கட்டில்லாத பகுதியில் மஸஹு செய்யலாம். ஷாபிஈகளுக்குச் சில முடிகளே போதும், ஹனஃபிகளுக்குத் தலையில் கால் பாகம் வேண்டும். கட்டு முழுவதையும் மூடியிருந்தால் அதன் மீதே மஸஹு. ஷாபிஈகள் தயம்முமும் சேர்த்துச் செய்யவேண்டும்.

வலிப்பில் நினைவு தப்பினால் உளூ முறிந்துவிடும். நினைவு நீடித்துத் தப்பியிருந்தால், ஒரு வக்து முழுவதும் தப்பியவருக்கு அந்தத் தொழுகையின் கழா ஷாபிஈ மத்ஹபில் கடமையில்லை. ஹனஃபி மத்ஹபில் ஒரு பகல் ஓர் இரவுக்கு மேல் நீடித்தால்தான் கழா நீங்கும். கட்டியால் பேச்சே வராதவர் ஓத முடிந்ததை ஓதினால் போதும். ரக்அத் எண்ணிக்கை மறந்து மறந்து போகிறவருக்கு, பக்கத்திலிருப்பவர் எடுத்துச் சொல்லச் சொல்லத் தொழுதாலும் நிறைவேறும் என்று ஹனஃபி நூல்கள் இடம் தருகின்றன. மனைவியோ மகளோ அருகில் அமர்ந்து இப்பணியைச் செய்வது எவ்வளவு பெரிய நன்மை! அறிவே தடுமாறிப் போனவருக்கோ கடமையே இல்லை. அவரைத் தொழச் சொல்லி அதட்டக் கூடாது.

நோன்புக்கு வருவோம். வலிப்பு மாத்திரையை ஒரு வேளை விட்டாலும், நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூளை வீக்கத்திற்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையையும் திடீரென நிறுத்தக் கூடாது. இவற்றை நிறுத்திவிட்டு நோன்பு பிடிப்பது தக்வாவன்று. தன்னைத்தானே அழிவில் தள்ளுவதாகும். சில மாத்திரைகள் பன்னிரண்டு மணிக்கொருமுறை என்றிருக்கும். நம் ஊரில் நோன்பு ஏறத்தாழப் பதின்மூன்று பதினான்கு மணி நேரம். ஆகவே ஸஹரிலும் இஃப்தாரிலும் போட்டுக்கொள்ளலாமா என்று ஷஅபானிலேயே டாக்டரைக் கேளுங்கள். அவர் சரியென்றால் பிடியுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். மிகக் கொடிய கட்டிக்கு ஆறு வாரம் அளவுக்குக் கதிர்ச் சிகிச்சை தருவார்கள். கதிர் படுவதால் நோன்பு முறியாது. ஆனால் தினமும் போய்வரும் களைப்பும் வாந்தியும் நோன்பை விடப் போதிய காரணமே.

குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பிறகு கழாச் செய்யவேண்டும். அவருக்கு ஃபித்யா இல்லை. நம்பிக்கையில்லாதவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு ஃபித்யா கொடுக்கவேண்டும்: ஷாபிஈகளுக்கு ஒரு முத்து அரிசி, ஹனஃபிகளுக்கு அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் விலை. அந்த நோயிலேயே மௌத்தாகி, கழாச் செய்ய அவகாசமே கிடைக்காதவர் மீது அந்நோன்புகளுக்காக எதுவும் கடமையில்லை. வாரிசுகள் கலங்க வேண்டாம்.

கடைசியாக, மார்க்கத்தை அறிந்தவர்களும் அடிக்கடி மறந்துவிடும் ஒன்று. இந்நோயில் மற்ற நோய்களைப் போலக் கடைசிவரை அறிவு தெளிவாக இருக்குமென்று எண்ண முடியாது. ஆகவே தெளிவிருக்கும்போதே கடனையும் அமானிதத்தையும் எழுதி வைக்கவேண்டும். பட்டுக் கடைக்காரருக்கு ஊர் ஊராகக் கொடுக்கல் வாங்கல் இருக்கும். தறிக்காரருக்கு முன்பணக் கணக்கு இருக்கும். வஸிய்யத் சொத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் கூடாது. மரண நோயில் தரும் அன்பளிப்பும் அந்த மூன்றிலொன்றுக்குள்தான் அடங்கும். மனைவிக்குத் தராத மஹர் பாக்கியோ வஸிய்யத்தில் சேராது, அது கடன்; முதலில் அதையே எழுதச் சொல்லுங்கள்.