மண்ணின் கனியங்களும் எக்ஸ்-கதிர்ச் சோதனையும்

மருதமுனையின் கடலோரம் மணற்பாங்கானது; மேற்கேயுள்ள வயல்களிற் களி மிகுந்துள்ளது. மணற்றோட்டத்தில் இட்ட பசளை மழையுடன் விரைவிற் கீழிறங்கிவிடும். களிமண் வயலோ பசளையைப் பற்றிக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும். இவ்வேறுபாட்டிற்கு மண்ணிலுள்ள கனியங்களே முக்கிய காரணமாகும்.

களித்துணிக்கைகள் மிக நுண்ணியவை. அவற்றின் உள்ளமைப்பைக் கண்ணாற் காண இயலாது. 1895 இல் றொன்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். பளிங்குகளின் ஊடாகச் செல்லும் இக்கதிர் கோணலுறுவதை 1912 இல் லவுவே குழுவினர் காட்டினர். எக்கோணத்திற் கதிர் வலுப்பெற்றுத் திரும்புகின்றது என்பதைக் கொண்டு அணுத்தட்டுகளின் இடைவெளியைக் கணிக்கும் முறையைப் பிராக் எனும் தந்தையும் மைந்தரும் வகுத்து, 1915 இல் நொபெல் பரிசு பெற்றனர்.

ஒவ்வொரு கனியத்திற்கும் தனித்தனி இடைவெளிகள் உண்டு. ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நனோமீற்றர் ஆகும். கயோலினைற்றின் தட்டிடைவெளி ஏறக்குறைய 0.7 நனோமீற்றர், அது நீரால் விரிவதில்லை, பசளையையும் குறைவாகவே பற்றும். மொன்மொரிலொனைற்றின் தட்டுகள் நீரை உட்கொண்டு விலகும். கிளைக்கோல் சேர்த்தால் இடைவெளி 1.7 நனோமீற்றர் அளவாகும். இக்களி அமோனியத்தையும் பொற்றாசியத்தையும் மிகுதியாகப் பற்றும். மன்னார் மாவட்டத்து முருங்கன் கருமண் இவ்வகைக்கு நல்ல உதாரணமாகும். மணலிற் பெரும்பங்கான குவாட்சு பசளையைப் பற்றுவதே இல்லை.

இச்சோதனை ஆய்வுகூடத்திற்கே உரியது. அது கனியத்தின் பெயரைக் கூறுமேயன்றிப் பயிருக்குக் கிடைக்கும் போசணையின் அளவைக் கூறாது. அதற்கு இரசாயன மண் பரிசோதனை வேண்டும். கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. கண்ணாடிப் போத்தலில் மண்ணையும் நீரையும் இட்டுக் குலுக்கி வைத்தல். மணல் உடனே படியும். களி நெடுநேரம் கலங்கி நிற்கும்.

2. மணற்றோட்டத்தில் பசளையை ஒரே முறையில் இடாது, சிறு சிறு அளவாகப் பல தடவை இடுதல். கூட்டெருவைத் தாராளமாகச் சேர்த்தல். மணல் பற்றாத போசணையைக் கூட்டெரு பற்றிக்கொள்ளும்.

3. வெடிக்கும் வயலிற் பசளையிடுமுன் நீர் கட்டி வெடிப்புகளை மூடச் செய்தல். இன்றேல் பசளை வெடிப்பின் வழியே வேருக்கு எட்டாத ஆழத்திற்குச் சென்றுவிடும்.

4. மண் மாதிரியைப் பசளையிடுமுன், பல இடங்களில் 15 சென்றிமீற்றர் ஆழம் வரை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திக் கொடுத்தல். தோட்ட மண்ணையும் வயல் மண்ணையும் கலத்தலாகாது.

அயலவர் இட்ட அளவைக் கண்டு பசளையிடுவது பணத்தை நீரிற் கரைப்பதாகும். தன் மண்ணை அறிந்து இடும் பசளையே விளைச்சலாகத் திரும்பும்.