வெப்கேமை தூங்க விடாதது யாரு?

வீடியோ கால் முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு. ஆனா லேப்டாப்ல வெப்கேம் இன்னும் முழிச்சிட்டு பேட்டரியைத் தின்னுட்டு இருக்கு. யார் காரணம்? ஊகிக்க வேண்டாம், லினக்ஸ் கெர்னலையே கேக்கலாம்.

சும்மா இருக்கும் டிவைஸை மட்டும் தனியா தூங்க வைக்கும் வேலையை ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் செய்கிறது. 2009-ல் வந்த 2.6.32 கெர்னலில் இது சேர்ந்தது. அதன் நிலவரம் எல்லாம் சிஸ்எஃப்எஸ்-ல் ஃபைல்களாகத் தெரியும். யூஎஸ்பி டிவைஸ் ஃபோல்டருக்குள் (உதாரணமா 1-5) 'பவர்' என்ற ஃபோல்டரைத் திறங்க.

முதலில் 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' ஃபைல்: 'ஆக்டிவ்' என்றால் முழிச்சிருக்கு, 'சஸ்பெண்டட்' என்றால் தூங்குது.

அடுத்து 'கண்ட்ரோல்' ஃபைல். 'ஆட்டோ' என்றால் தூங்க அனுமதி உண்டு. 'ஆன்' என்றால் தூங்கவே கூடாது. 'ஆன்' இருந்தா தேடல் இங்கேயே முடிஞ்சது.

'ஆட்டோ' இருந்தும் தூங்கலையா? இப்போ ரெண்டு எண்களைப் பாருங்க. 'ரன்டைம் யூசேஜ்' என்பது இந்த டிவைஸை எத்தனை பேர் பிடிச்சு வெச்சிருக்காங்க என்ற கணக்கு. 'ரன்டைம் ஆக்டிவ் கிட்ஸ்' என்பது முழிச்சிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை. பிள்ளை முழிச்சிருந்தா பொதுவா பெற்றோர் தூங்க முடியாது. அதனால யூசேஜ் 0, கிட்ஸ் 1 என்று இருந்தா ஒரு படி கீழே இறங்கி 1-5:1.0 என்ற இன்டர்ஃபேஸின் யூசேஜைப் பாருங்க. பிடிச்சு வெச்சிருப்பவர் அங்கே மாட்டுவார்.

இந்த ரெண்டு ஃபைலும் எல்லா கெர்னலிலும் இருக்காது. பில்ட் செய்யும்போது 'பிஎம் அட்வான்ஸ்டு டீபக்' என்ற ஆப்ஷனை ஆன் செய்திருக்கணும். பூட் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் ஃபைலில் தேடினா தெரிஞ்சிடும்.

பிடிச்சிருப்பது மூடாத பிரவுசர் டேபா? எஃப்யூசர் கமாண்டை வீடியோ டிவைஸ் மேல ஓட்டினா ப்ராசஸ் நம்பர் வரும். யாருமே திறக்கலை, ஆனா எண் 0-க்கு இறங்கலைன்னா டிரைவர் மேல சந்தேகம் வைங்க. ஏத்தின எண்ணை எங்கேயோ இறக்க மறந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: 'கண்ட்ரோல்'-ல் நீங்க 'ஆன்' எழுதினாலே யூசேஜ் ஒன்று ஏறும். முதலில் படிங்க, குறிச்சுக்கோங்க, அப்புறம் மாத்துங்க. டிவைஸ் தூங்கி எழும்போது மட்டும் தகராறு செய்தா, 'ஆன்' வெச்சுப் பாருங்க. பிரச்சினை நின்னா குற்றவாளி தூக்கம்தான்னு தெரியும். ஆனா அது கண்டுபிடிக்க மட்டும்தான். அப்படியே விட்டா பக் ஒளிஞ்சுக்கும், பேட்டரியும் கரையும்.